விமானத்தின் ஜாதகம்

ஓசூரில் பெரிய விமான நிலையம் ஒன்று அமைக்கப்படும் என்று 2024-ம் வருஷம் ஜூன் மாதம் தமிழ்நாட்டுச் சட்டசபையில் முதல் மந்திரி அறிவித்தார். 2000 ஏக்கர் நிலம், வருஷத்துக்கு 3 கோடிப் பிரயாணிகள் என்று அளவும் சொல்லப்பட்டது. இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், ஓடுபாதை எந்தப் பக்கம் வரும், நிலத்தின் விலை எவ்வளவு ஏறும் என்று ஜனங்கள் விசாரிப்பது இயற்கையே. ஆனால் விமானம் தரையில் நிற்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அது ஆகாயத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை. இந்த வாரம் அந்த விஷயத்தைச் சற்றுக் கவனிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

அதற்கு ஓசூரை விடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. இன்று கிருஷ்ணகிரி ஜில்லாவில் இருக்கும் ஓசூர், 2004-ம் வருஷம் பிப்ரவரி மாதம் வரையில் தர்மபுரி ஜில்லாவில் இருந்தது. அந்தத் தர்மபுரி ஜில்லாவோ 1965-ம் வருஷம் காந்தி ஜயந்தியன்று சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தர்மபுரி என்றதும் நமக்கு அதியமானும், ஔவைப் பிராட்டியும், நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். கேழ்வரகும் மாம்பழமும் வரும். ஒகேனக்கல் அருவி வரும். ஆகாய விமானம் நினைவுக்கு வராது. ஆயினும், ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில், பேளகொண்டப்பள்ளி என்னும் கிராமத்தில், 1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில் தனேஜா என்னும் தனியார் கம்பெனி ஒன்று விமானத் தொழிற்சாலையும், சுமார் 7000 அடி நீளமுள்ள ஓடுபாதையும் அமைத்தது.

அங்கே முதலில் கட்டப்பட்டது பி-68-ஸி என்னும் விமானம். இரண்டு எஞ்சின், ஆறு ஆசனம். இத்தாலி தேசத்துப் பார்ட்டனாவியா கம்பெனியின் அமைப்பு அது. வகுத்தவர் லூயிஜி பாஸ்காலே என்னும் நிபுணர். பிற்பாடு அதே இடத்தில் ஹன்ஸா என்னும் விமானமும் கட்டப்பட்டது. ஹன்ஸாவுக்கு ஒரே எஞ்சின், இரண்டே ஆசனம். ஆனால் அதை வகுத்தவர்கள் பெங்களூரில் உள்ள தேசீய விமான ஆராய்ச்சி ஸ்தாபனத்தார்.

சாலையில் போகிறவர் கண்ணுக்கு ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்பதற்கு மேல் வித்தியாசம் தோன்றாது. இரண்டும் தர்மபுரி மண்ணில் நம்மவர் கையால் கட்டப்பட்டவை. இரண்டையும் சுதேசி என்றே சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதை விளக்க வேண்டுமானால் கொஞ்சம் கணிதம் பேச வேண்டும். நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். காகிதமும் பென்சிலும் இல்லாமலே சொல்லிவிடுகிறோம்.

மாட்டு வண்டி முன்னே போகும். இடமும் வலமும் திரும்பும். அதற்கு மேல் அதற்கு சுதந்திரம் கிடையாது. விமானத்துக்கு ஆறு விதமான அசைவுகள் உண்டு. முன்னே போதல், பக்கவாட்டில் நகர்தல், மேலும் கீழும் போதல் என்பவை மூன்று. மூக்கைத் தூக்குதலும் தாழ்த்தலும், மூக்கை இடவலமாகத் திருப்புதல், ஓர் இறக்கை தாழ மற்றோர் இறக்கை உயரப் புரளுதல் என்பவை மூன்று. ஓர் அசைவுக்கு ஒரு சமன்பாடு வீதம் மொத்தம் ஆறு சமன்பாடுகள்.

ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் இரண்டு பக்கம். இடது பக்கத்தில் நியூட்டன் சொன்னது இருக்கிறது: பொருளின் கனம் எவ்வளவு, அதன் வேகம் எப்படி மாறுகிறது என்பது. அதில் சிரமம் ஒன்றும் இல்லை. விமானத்தை நிறுத்துப் பார்த்தால் கனம் தெரிந்துவிடும். சிரமமெல்லாம் வலது பக்கத்தில்தான். காற்று அந்த விமானத்தை எவ்வளவு பலமாக எந்தத் திசையில் தள்ளுகிறது என்பது அங்கே எழுதப்பட வேண்டும். அதுவோ விமானத்தின் வேகத்தைப் பொறுத்து மாறும். காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். மூக்கு எவ்வளவு துரிதமாகத் திரும்புகிறது, விமானி கைப்பிடியை எவ்வளவு அசைத்தார் என்பவற்றைப் பொறுத்தும் மாறும்.

உதாரணமாக, மூக்கு ஒரு பாகை உயர்ந்தால், வால் அதை மறுபடி கீழே கொண்டுவர எவ்வளவு பலத்துடன் முயல்கிறது? இதற்கு விடை ஓர் எண். மூக்கு ஒரு பாகை வலப்புறம் விலகினால் நிமிர்ந்து நிற்கும் வால் அதை எவ்வளவு பலத்துடன் நேராக்குகிறது? அதற்கு விடை இன்னோர் எண். இப்படிப் பல எண்கள் சேர்ந்தவைதான் ஒரு விமானத்தின் குணம். மனிதருக்கு ஜாதகம் கணிப்பதில் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் உண்டு. விமானத்தின் ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர் யாரும் அதில் ஏறக்கூடாது. ஓர் எண்ணின் முன்னால் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்துவிட்டால், தூக்கிய மூக்கு தாழாது. மேலும் மேலும் தூக்கிக்கொண்டே போகும்.

இந்த ஜாதகத்தை முதன்முதலில் முறையாகக் கணிக்கக் கற்றுக் கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்ட்லி பிரையன் என்னும் பேராசிரியர். வேல்ஸ் நாட்டில் பாங்கர் என்னும் ஊரில் கணிதம் போதித்தவர். 1911-ம் வருஷம் அவர் வெளியிட்ட நூலில் ஒரு சாமர்த்தியமான உபாயத்தைக் கையாண்டார். விமானம் நேராக, சீராகப் போய்க்கொண்டிருப்பதாக முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையிலிருந்து ஒரு சிறிது, மிகச் சிறிது, விலகினால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். விலகல் சிறிதாக இருக்கும் வரையில் சிக்கலான கணக்கு எளிய கணக்காகிவிடுகிறது. அதோடு, விமானத்தின் இடது பாதியும் வலது பாதியும் ஒரே மாதிரி இருப்பதால், ஆறு சமன்பாடுகளும் மும்மூன்றாக இரண்டு குடும்பங்களாகப் பிரிந்துவிடுகின்றன. ஏற்ற இறக்கமும் வேகமும் ஒரு குடும்பம். புரளுதலும் திரும்புதலும் மற்றொரு குடும்பம். அவர் எழுதி நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும், உலகத்தில் விமானம் வகுக்கும் எல்லா இடங்களிலும் இந்த முறையிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள்.

முதல் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டு வகை ஆட்டங்கள் வெளிப்படும். ஒன்று துரிதமானது. காற்று முட்டி மூக்கு எழும்பினால், ஓரிரண்டு விநாடிக்குள் தலையை ஆட்டிவிட்டு அடங்கிவிடும். மற்றொன்று நிதானமானது. விமானம் மெதுவாக மேலே ஏறும். ஏற ஏற வேகம் குறையும். வேகம் குறையவே இறங்க ஆரம்பிக்கும். இறங்க இறங்க வேகம் கூடும். கூடவே மறுபடி ஏறும். இதற்கு லான்செஸ்டர் என்னும் ஆங்கில எஞ்சினீயர் 1908-ம் வருஷத்து நூலில் ‘பூகாய்டு’ என்று பெயர் வைத்தார். ‘பறத்தல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத் தேடப்போய், ‘தப்பி ஓடுதல்’ என்று பொருள்படும் சொல்லைப் பிடித்துவிட்டார். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

பூகாய்டு ஆட்டத்தில் ஓர் அதிசயம் உண்டு. ஒரு முறை ஏறி இறங்க ஆகும் நேரம், ஏறக்குறைய, விமானத்தின் கனத்தையோ உருவத்தையோ பொறுத்ததல்ல. வேகத்தை மட்டுமே பொறுத்தது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகமோ அதை 8-ஆல் வகுத்தால் எத்தனை விநாடி என்பது வந்துவிடும். 100 கிலோமீட்டர் வேகத்துக்குப் பன்னிரண்டரை விநாடி. 200 கிலோமீட்டருக்கு 25 விநாடி. வீட்டிலே பிள்ளைகள் இதைப் பார்க்கலாம். அட்டையில் சிறு கிளைடர் செய்து, மூக்கில் காகிதக் கிளிப்பு ஒன்றை மாட்டி மாடியிலிருந்து விடட்டும். கிளிப்பு இல்லாவிட்டால் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு தடுமாறும். கிளிப்பு அதிகமானால் குப்புற விழும். அளவாக இருந்தால் அழகாக மிதந்து போகும். எடையின் மையம் முன்னால் வந்தால் வாலுக்கு பலம் கூடுகிறது என்பதுதான் இதன் காரணம். வாலின் ஓரத்தைச் சற்று மேலே மடக்கிவிட்டால், கிளைடர் அலை அலையாக ஏறி இறங்கிப் போகும். அந்த அலைதான் பூகாய்டு.

இரண்டாம் குடும்பத்தில் மூன்று வகை உண்டு. ஒன்று, புரளத் தொடங்கிய விமானம் கைப்பிடியை விட்டதும் புரளுவதை நிறுத்துகிறதா என்பது. இன்னொன்று, ஓர் இறக்கை சற்றே தாழ்ந்தால் அது தானாக நிமிருகிறதா, அல்லது மெல்ல மெல்ல அதிகமாகச் சாய்ந்து சுருள்வட்டமாகக் கீழே இறங்குகிறதா என்பது. மேகத்துக்குள்ளே அகப்பட்டுத் தொடுவானம் தெரியாத விமானிக்கு இந்தச் சுருள் பொல்லாதது. சாய்வு அவர் உடம்புக்குத் தெரியாது. மூன்றாவது, வாலை ஆட்டிக்கொண்டே இடவலமாகப் புரளும் ஆட்டம். ஹாலந்து தேசத்தார் பனிக்கட்டியின் மீது சறுக்கும் பாணியை ஒத்திருப்பதால் ‘டச்சுப் புரள்’ என்கிறார்கள்.

கணக்கு இத்துடன் முடிந்துவிட்டால் விஷயம் எளிது. ஆனால் விமானத்தை ஓட்டுகிறவர் மனிதர் அல்லவா? ஒரு விமானம் உறுதியாக இருந்தால் மட்டும் நல்ல விமானம் ஆகிவிடாது. தர்மபுரிச் சீமையில் ஆலம்பாடி மாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. சந்தைக்குப் போகும் குடியானவர் மாட்டின் பலத்தை மட்டுமா பார்க்கிறார்? சொன்ன சொல் கேட்கிறதா, கயிற்றைத் தொட்டதும் திரும்புகிறதா, மிரளுகிறதா என்றும் பார்ப்பார். விமானமும் அப்படித்தான். உறுதி மிஞ்சினால் முரட்டு மாடு போலக் கைக்கு அடங்காது. உறுதி குறைந்தால் மிரண்ட மாடு போலத் தொட்டதற்கெல்லாம் துள்ளும். இரண்டுக்கும் இடையே விமானியின் கைக்கு இதமான ஓர் அளவு உண்டு. அந்த அளவைத்தான் விமானத்தின் பறக்கும் குணங்கள் என்கிறார்கள்.

இதை வெறும் ருசி என்று விட்டுவிடாமல் எண்ணுக்குள் கொண்டுவந்ததில் அமெரிக்கர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ராபர்ட் கில்ரூத் என்பவரும் அவருடைய சகாக்களும் பல விமானங்களைப் பறக்கவிட்டு அளந்து, நல்ல விமானத்துக்கு வேண்டிய குணங்கள் இவை என்று 1943-ம் வருஷம் அறிக்கையாக வெளியிட்டார்கள். 1969-ல் கூப்பர், ஹார்ப்பர் என்னும் இருவர் விமானியின் அபிப்பிராயத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் முறை வகுத்தார்கள். நம் பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்கு இது நேர் எதிர்: ஒன்று என்றால் உத்தமம், பத்து என்றால் விமானம் கைமீறிப் போகும். விமானி வெறுமனே ‘நன்றாயிருக்கிறது’ என்று சொன்னால் போதாது. கொடுத்த காரியத்தை முடிக்க முடிந்ததா, அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்று படிப்படியாகக் கேட்டு மதிப்பெண் வாங்குவார்கள். அந்த மதிப்பெண்ணையும் ஆட்டத்தின் காலத்தையும் தணிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், எந்த எண்ணைத் திருத்த வேண்டும் என்பது தெரிகிறது.

இப்போது நமது தேசத்துக்கு வருவோம். 1940-ம் வருஷம் டிசம்பர் மாதம் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர், மைசூர் சர்க்காரின் ஆதரவோடு, பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானக் கம்பெனியை ஆரம்பித்தார். யுத்த காலத்தில் அங்கே நடந்த வேலை பெரும்பாலும் அன்னிய விமானங்களைப் பூட்டுவதும் பழுது பார்ப்பதுமே. நம்மவரே வகுத்த பயிற்சி விமானமான எச்.டி.-2 பறந்தது 1951-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில். அதை வகுத்த குழுவின் தலைவர் வி. எம். காட்கே, ஜெர்மனியில் பிராண்ட்டில் என்னும் மேதையிடம் பயின்றவர். 1961-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி ‘மாருத்’ என்னும் ஜெட் சண்டை விமானத்தை சுரஞ்சன் தாஸ் முதன்முதலாகப் பறக்கவிட்டார். அதற்கு முன்பே, மாருத்தின் முழு அளவில் மரத்தால் கிளைடர் ஒன்று செய்து, டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய், ஆகாயத்தில் அவிழ்த்துவிட்டுப் பரீட்சை செய்தார்கள். எதற்காக என்று நேயர்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஜாதகத்தில் உள்ள எண்கள் சரிதானா என்று பார்க்கத்தான். 1970-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி மாருத் விமானம் ஒன்றைப் பரீட்சை செய்கையில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதற்கிடையில் லைசென்ஸ் விமானங்கள் ஏராளமாக வந்தன. நாட் வந்தது, மிக் வந்தது, ஜாகுவார் வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நுட்பமான கைவேலை கற்றார்கள். அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு விமானத்தை எப்படிக் கட்டுவது என்பது வரும். வால் ஏன் இவ்வளவு பெரிது, அதை ஒரு சாண் பின்னால் தள்ளினால் என்ன ஆகும் என்பது பெரும்பாலும் வராது. வரைபடத்தை விலைக்கு வாங்கலாம். அந்த வரைபடத்துக்கு வந்து சேர்ந்த அறிவு விற்பனைக்கு வருவதில்லை. ஒரு மாற்றம் செய்ய வேண்டுமானாலும் மறுபடி மூல கம்பெனியின் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

பேளகொண்டப்பள்ளியில் கட்டப்பட்ட இரண்டு விமானங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே. பி-68 விமானத்தின் எண்கள் இத்தாலியில் பிறந்தவை. ஹன்ஸாவின் எண்கள் பெங்களூரில் பிறந்தவை. 1993-ம் வருஷம் நவம்பரில் ஹன்ஸா முதன்முதல் பறந்தது. தகுதிச் சான்று கிடைத்தது 2000-ம் வருஷத்தில். நடுவே போன ஆறு, ஏழு வருஷங்களைத் தாமதம் என்று மட்டும் சொல்வது சரியல்ல. விமானி சீராகப் பறந்துகொண்டே கைப்பிடியை ஒரு கணம் தட்டிவிடுவார். விமானம் எப்படி ஆடி அடங்குகிறது என்பதைக் கருவிகள் பதிவு செய்யும். அந்தப் பதிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, சமன்பாட்டில் உள்ள எண்களைக் கண்டுபிடிப்பார்கள். காற்றுச் சுரங்கத்தில் பொம்மை விமானத்தை வைத்து அளந்த எண்ணும், ஆகாயத்தில் அளந்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். இது பெங்களூர் ஸ்தாபனத்தார் நெடுங்காலமாகப் பயின்றுவரும் வித்தை.

இந்த அறிவு கையில் இருந்தால் என்ன பிரயோஜனம் என்பதை ‘தேஜஸ்’ விமானம் காட்டியது. அதை வேண்டுமென்றே உறுதியற்றதாக வகுத்தார்கள். சண்டை விமானம் சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மனிதக் கையால் மட்டும் அதை நிலை நிறுத்த முடியாது. நான்கு மின்வழிகள் கொண்ட கம்ப்யூட்டர், ஒரு விநாடிக்குப் பல முறை கணக்குப் போட்டு, விமானத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எண்கள் தப்பினால் கம்ப்யூட்டரும் தப்பும். 1998-ம் வருஷம் நமது அணுகுண்டுப் பரீட்சைக்குப் பிறகு அமெரிக்க சர்க்கார் விதித்த தடையினால், அந்நாட்டில் நடந்துகொண்டிருந்த கூட்டு வேலை நின்றுபோயிற்று. நம் நிபுணர்கள் பெங்களூரிலேயே வேலையை முடித்தார்கள். 2001-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி ராஜீவ் கோத்தியால் அதைப் பறக்கவிட்டுப் பத்திரமாக இறக்கினார்.

ஆனால் வெற்றிகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. பேளகொண்டப்பள்ளி ஓடுபாதையிலேயே 2009-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி, ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் ‘ருஸ்தம்’ என்னும் ஆளில்லா விமானம் முதன்முதல் எழும்பியது. 1980-க்குப் பிற்பட்ட வருஷங்களில் சிறிய முன்சிறகு விமானம் ஒன்றின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ருஸ்தம் தமானியாவின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள். ஓட்டமும் எழும்பலும் நன்றாகவே நடந்தன. இறங்கும்போது உயரத்தைத் தவறாக மதிப்பிட்டு, தரையிலிருந்து எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். விமானம் விழுந்து உடைந்தது. உள்ளே விமானி இருந்தால் உடம்பாலேயே உணரக்கூடியதை, தரையில் இருப்பவர் கருவியின் மூலமாகத்தான் அறிய வேண்டியிருக்கிறது. மறு வருஷம் அக்டோபரில் அதே ஊரில் ருஸ்தம் வெற்றிகரமாகப் பறந்தது.

இதைவிடக் கடுமையான பாடம் ‘சிதாரா’ என்னும் ஜெட் பயிற்சி விமானத்தினுடையது. பழைய கிரண் விமானத்துக்கு வாரிசாக அதை வகுத்தார்கள். 2003-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதன்முதல் பறந்தது. 2011-ம் வருஷம் ஏப்ரலில் பரீட்சை விமானம் ஒன்று கிருஷ்ணகிரி ஜில்லாவில் விழுந்து நொறுங்கியது. தெய்வாதீனமாக விமானிகள் இருவரும் வெளியே குதித்து உயிர் தப்பினார்கள். சிதாராவுக்கு வெகு நாள் தீராத வியாதியாக இருந்தது, வேகம் குன்றிய இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் நிலையும், அதன்பின் விமானம் பம்பரம் போலச் சுழன்று விழும் நிலையும்.

பிரையனுடைய உபாயம் சிறு விலகலுக்குத்தான் செல்லும் என்று சொன்னோம். சுழன்று விழும்போது விலகல் சிறிதல்ல. இறக்கையின் மீது காற்று ஒட்டாமல் பிய்ந்துபோகிறது. இரண்டு குடும்பமாகப் பிரிந்திருந்த சமன்பாடுகள் மறுபடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அங்கே எளிய கணக்கு உதவாது. முழுக் கணக்கையும் போட வேண்டும். அதற்கு வேண்டிய எண்களோ கிடைப்பது அரிது. ‘அந்த நிலைக்கே போகாமல் இருந்துவிடலாமே’ என்றால், பயிற்சி விமானத்துக்கு அது பொருந்தாது. இருபது வயதுப் பிள்ளை ஒருவன் ஓட்டக் கற்றுக்கொள்ளும்போது என்றைக்காவது ஒரு நாள் தப்புச் செய்வான். அப்போது விமானம் அவனை விழுங்கிவிடாமல் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அவனைப் பெற்றவர்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள். வலது பக்கத்து எண்களின் கதி அவன் உயிரோடு சம்பந்தப்பட்டது.

கடைசியில் நிமிர்ந்த வாலைப் பின்னுக்குத் தள்ளி, சுக்கானின் அளவைப் பெரிதாக்கினார்கள். 2019-ம் வருஷம் ஏப்ரலில் திருத்திய விமானம் பறந்தது. 2022-ம் வருஷம் ஜனவரியில், இடது பக்கமும் வலது பக்கமும் ஆறு ஆறு சுற்றுச் சுழன்றுவிட்டு மீண்டதாக ஹிந்துஸ்தான் கம்பெனியார் அறிவித்தார்கள். 2025-ல் அதற்கு ‘யசஸ்’ என்று புதுப் பெயரும் சூட்டப்பட்டது. முதல் பறத்தலுக்கும் அந்த ஆறு சுற்றுக்கும் நடுவே ஏறக்குறைய பத்தொன்பது வருஷங்கள் போய்விட்டன.

பத்தொன்பது வருஷம் என்பது சிறிய காலமல்ல. ‘இதற்குப் பதிலாக அன்னியரிடமே வாங்கியிருக்கலாமே’ என்று கேட்பவரைத் தேசபக்தி இல்லாதவர் என்று நாம் ஏச மாட்டோம். அது நியாயமான கேள்வி. சுதேசி என்னும் சொல் தாமதத்துக்கும் கணக்குத் தவறுக்கும் போர்வையாக இருக்கக் கூடாது. அதே சமயத்தில், வாலை எவ்வளவு பின்னால் தள்ளினால் சுழல் நிற்கும் என்பதை அந்தப் பத்தொன்பது வருஷத்தில் நம்மவர் தாமே கற்றார்கள் என்பதையும் மறக்கலாகாது. இந்த அறிவை எழுதி வைத்து, அடுத்த விமானத்தை வகுக்கிற இளைஞர்களின் கையில் கொடுத்தால், அடுத்த தடவை பத்தொன்பது வருஷம் ஆகாது. அலமாரியில் பூட்டி வைத்தால் மறுபடியும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆகவே, ஓசூர் விமான நிலையத்தைப் பற்றி யோசிக்கிற சர்க்காருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஓடுபாதைக்கு நிலம் ஒதுக்கும்போது, காற்றுச் சுரங்கம் ஒன்றுக்கும் சிறிது இடம் ஒதுக்கட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் உள்ள எஞ்சினீயரிங் கலாசாலை மாணவர்கள் சிறு விமானங்கள் செய்து, பறக்கவிட்டு, எண்களை அளந்து பழகுவதற்குப் பேளகொண்டப்பள்ளியைப் போன்ற ஓர் ஓடுபாதையில் வாரத்தில் ஒரு நாள் கொடுக்கட்டும். இந்த ஆறு சமன்பாடுகளையும் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கும் பாட புத்தகம் ஒன்று எழுதப்படட்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, விமான நிலையத்தின் ஒரு மூலைக்குச் சிமெண்டு போடும் செலவுக்கு மேல் ஆகாது என்பது நமது எண்ணம்.

நேயர்களும் ஒன்று செய்யலாம். இனி ஒரு விமானத்தைச் சுதேசி விமானம் என்று யாரேனும் பெருமையோடு சொன்னால், அது எங்கே கட்டப்பட்டது என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். அதன் வாலை மாற்றி அமைக்க வேண்டுமானால் யாரைக் கேட்க வேண்டும் என்றும் விசாரியுங்கள். ‘பெங்களூரில் கேட்டால் போதும்’ என்று பதில் வருமானால், அந்தப் பெருமை நியாயமானதுதான் என்று நிச்சயமாக நம்பலாம்.